உண்டியலில் யார் படம்?

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வடக்கே போகும் ரயில் கனெக்டிகட் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. டிசம்பர் மாதம். மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்பதால் ஆறு மறைவில்லாமல் தெரிந்தது. ஹோலியோக் நகரத்தின் பழைய காகித ஆலைகள், அவற்றுக்காக வெட்டிய கால்வாய்கள், பிறகு வயல்கள், அதற்குப் பிறகு நார்தாம்ப்டன். நிலையம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நடைமேடை, ஊசியாய்க் குத்தும் காற்று, காருக்குள்ளிருந்து இறங்க மனமில்லாமல் கையசைக்கும் என் தோழி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஐந்து உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் இரண்டும் பெண்கள் கல்லூரிகள். ஐந்தையும் இணைத்துப் பேருந்து ஓடுகிறது. ஒரு கல்லூரி மாணவி இன்னொரு கல்லூரியில் வகுப்புக்குப் போகலாம். பெண்களுக்காகப் பெண்கள் காசு திரட்டுவதை இங்கே இருநூறு வருடமாகச் செய்கிறார்கள், வந்து பார் என்று தோழி பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள். இருநூறு இல்லை, நூற்றுத் தொண்ணூறு சொச்சம்தான்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நார்தாம்ப்டனில் 'ஹாட் சாக்லேட் ரன்' நடக்கும். 2004இல் தொடங்கியது. வீட்டில் அடிபடும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துணைநிற்கும் 'சேஃப் பேசேஜ்' என்ற உள்ளூர் அமைப்புக்காக ஊரே திரண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது, ஓட முடியாதவர்கள் நடக்கிறார்கள். முடித்தவர்களுக்குச் சூடான சாக்லேட் பானம். அது ஊற்றித் தரும் பீங்கான் கோப்பைக்கு ஒரு தனி மவுசு. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களால் உலகப் புகழ் பெற்ற மோ வில்லம்ஸ் இந்த ஊரில் வசித்தபோது சில ஆண்டுகளின் கோப்பைக்குப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். வீட்டு அலமாரியில் வரிசையாக எத்தனை ஆண்டுக் கோப்பை இருக்கிறது என்பதை வைத்து ஊருக்குள் ஒருவரின் பூர்வீகத்தையே எடைபோடலாம் போலிருக்கிறது.

ஆயிரக்கணக்கில் கூட்டம். பாதிப் பேர் வேடத்தில். தலையில் வெள்ளைப் பஞ்சுத் தொப்பியோடு மார்ஷ்மெலோவாக மாறிய தாத்தாக்கள், மானின் கொம்பு கட்டிய நாய்கள். கல்லூரிப் பிள்ளைகள் குழுக்குழுவாக, ஒரே நிறச் சட்டையில். இவர்கள் பதிவுக் கட்டணம் கட்டி ஓடுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொருவரும் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், பேராசிரியர்கள் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து நன்கொடை வாங்கியிருக்க வேண்டும். எந்தக் குழு அதிகம் திரட்டியது என்பதில் போட்டி வேறு.

அப்படி நானும் பிடிபட்டேன். ஸ்மித்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். அப்பா அம்மா திருச்சிக்காரர்கள், இப்போது நியூ ஜெர்சியில். என் புடவை ஓரம் கோட்டுக்குக் கீழே தெரிந்திருக்கும். நேராக வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க ஓட வேண்டாம். இருபது டாலர் போடுங்க, உங்களுக்கும் சேத்து நானே ஓடிடறேன்."

"பத்து போட்டா?"

"பாதி தூரம் ஓடி உங்களை அங்கயே விட்டுடுவேன்."

இருபது போட்டேன். காசு எங்கே போகும் என்று கேட்டதற்கு விரலை மடக்கி ஒப்பித்தாள்: ராத்திரி பகல் பாராமல் எடுக்கும் உதவித் தொலைபேசி, ஆலோசனை, வழக்குக்கு உதவி, உடுத்திய துணியோடு வெளியேறி வருகிறவர்களுக்குத் தங்க இடம். அமைப்பு 1977இலிருந்து இருக்கிறது. "இந்த ஊர்லயே நடக்குது ஆன்ட்டி. நாங்க டீ குடிக்கப் போற கடையில வேலை செய்யறவங்களா இருக்கலாம். அதனாலதான் ஓடறோம்." சொல்லிவிட்டு ஓடியும் விட்டாள்.

பெண்ணுரிமைக்கு நிதி திரட்டுகிறோம் என்று எந்தக் கல்லூரி கிளம்பினாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். யாரோ தூரத்து ஏழைப் பெண்ணின் கண்ணீர் முகத்தைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு, கீழே கப் கேக் விற்பார்கள். இந்த ஓட்டத்தில் அந்த முகம் இல்லை. அடிபட்டவளின் படம் எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை, கோப்பையில் கரடியும் பறவையும் மாதிரி ஏதோ. இது தற்செயலா, பழக்கமா என்று யோசித்துக்கொண்டே மறுநாள் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி இருக்கும் சவுத் ஹாட்லிக்குப் போனோம்.

நார்தாம்ப்டனிலிருந்து ஆற்றைக் கடந்தால் மவுண்ட் ஹோலியோக் என்ற குன்று. மலை என்று அவர்கள் சொல்கிறார்கள். கொல்லிமலையைப் பார்த்தவர்கள் சிரிக்கக் கூடாது. ஆறு குதிரை லாடமாக வளைவதை 1836இல் தாமஸ் கோல் வரைந்த ஓவியம் இந்த உச்சியிலிருந்து பார்த்ததுதான். அவர் வரைந்துகொண்டிருந்த அதே சமயம் கீழே ஒரு பள்ளி ஆசிரியை, பெண்களுக்கான பள்ளி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்க் காசு கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் மேரி லயன்.

அந்தக் காலத்துச் சங்கதி ஒன்றைச் சொன்னால்தான் மேரி லயன் செய்தது விளங்கும். நியூ இங்கிலாந்து ஊர்களில் பெண்கள் கூடித் தையல் வேலை செய்து பணம் சேர்ப்பார்கள். எதற்கு? சமயக் கல்லூரிகளில் படிக்கும் ஏழைப் பையன்களின் படிப்புக்கு. தானே பள்ளியைத் தாண்ட வழியில்லாத பெண், முன்பின் தெரியாத ஒருவனுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருப்பாள். வெஸ்ட் புரூக்ஃபீல்டில் அப்படிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களில் லூசி ஸ்டோன் என்ற இளம்பெண்ணும் ஒருத்தி. மேரி லயன் அந்தக் கூட்டத்துக்கு வந்து பெண்களின் படிப்பைப் பற்றிப் பேசினார். லூசி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகிறவன் ஒரு வாரம் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தால் கிடைக்கும் கூலியை, அவள் சம்பாதிக்க ஒரு மாதம் ஆகும். அவனுக்கு இவள் எதற்கு உதவ வேண்டும்? சட்டையைப் பாதியில் வைத்துவிட்டாள். வேறு யாரும் அதை எடுத்துத் தைத்து முடித்துவிடக் கூடாதே என்றும் நினைத்தாளாம். பெண்ணுரிமைக்கு நிதி திரட்டிய வரலாறு எழுதுகிறவர்கள் அந்தத் தைக்காத சட்டையிலிருந்து தொடங்கலாம்.

மேரி லயன் 1834இல் இப்ஸ்விச் ஊர்ப் பெண்களிடம் முதலில் கையேந்தினார். ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்தது. பிறகு பச்சை வெல்வெட் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாக ஏறி இறங்கினார். ஒரு பெண் துணையில்லாமல் பயணம் போவதும், மேடையேறிப் பணம் கேட்பதும் அன்றைக்குக் குடும்பப் பெண்ணுக்கு அடுக்காத வேலை, நண்பர்களே கண்டித்தார்கள். தொண்ணூறு ஊர்களில் 1800 பேரிடமிருந்து 27,000 டாலர் வந்ததாகக் கல்லூரிக் கணக்கு சொல்கிறது. ஆயிரம் டாலர் கொடுத்தவர் உண்டு, ஆறு சென்ட் கொடுத்தவரும் உண்டு. பணம் இல்லாதவர்கள் மெத்தைக்கு இறகும், போர்வையும் தந்தார்கள். 1837 நவம்பர் 8, அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டில், இன்றைய மவுண்ட் ஹோலியோக் கல்லூரியின் தொடக்கமான அந்தப் பள்ளி திறந்தது. சாப்பாடு, தங்குமிடம் உட்பட ஆண்டுக்கு 60 டாலர். சமையலையும் வீட்டு வேலையையும் மாணவிகளே பங்குபோட்டுச் செய்ததால் அவ்வளவு மலிவு.

வளாகத்துக்குள்ளேயே அவருடைய கல்லறை, இரும்புக் கம்பி வேலிக்குள். நிறுவனர் நாளன்று விடிகாலையில் இறுதியாண்டு மாணவிகள் அங்கே கூடி ஐஸ்கிரீம் சாப்பிடுவது வழக்கம். நவம்பர் மாதக் குளிரில்! ஏன் ஐஸ்கிரீம் என்று கேட்டேன். எதிரில் வந்த மாணவி, அதைக் கேள்வி என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

லூசி ஸ்டோன் 1839இல் இங்கே படிக்க வந்தாள். சில மாதங்கள்தான் இருந்தாள். அதற்குள் அவள் செய்த ஒரு காரியத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்ல வேண்டும். மாணவிகளின் அறைகளில் அயல்நாட்டு மிஷன் பணிக்காகச் சிறு உண்டியல் இருக்கும். சிலருடைய உண்டியலின் மேல் ஒரு படம்: சிலைக்கு முன்னால் மண்டியிட்ட அஞ்ஞானி. லூசியின் உண்டியலில் இருந்தது வேறு படம். விலங்கு பூட்டிய கைகளைத் தூக்கி, நானும் மனிதன் இல்லையா என்று கேட்கும் அடிமை. மிச்சம் பிடித்த காசையெல்லாம் அடிமை ஒழிப்புக்குப் போட்டாள். அடிமை ஒழிப்புப் பத்திரிகையான 'லிபரேட்டர்' இதழை வாசிப்பறையில் கொண்டுபோய் வைத்தாள். மேரி லயனுக்கு அது பிடிக்கவில்லை. காசு கேட்கத் துணிந்த பெண்ணுக்கும், அந்தக் காசு யாருக்கு என்று கேட்கத் துணிந்த பெண்ணுக்கும் இடையே ஒரே கூரையின் கீழ் உரசல்.

இந்தக் கதையை ஒரு அமெரிக்கர் படித்தால் லூசியோடு நின்றுவிடுவார். எனக்கு அந்த இன்னொரு உண்டியலைத் தாண்ட முடியவில்லை. சிலைக்கு முன் மண்டியிட்டிருப்பது யார்? நம் ஆட்கள்தானே! அந்த வருடங்களில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் வேரூன்றியிருந்தது. 1824இலேயே யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். படத்தில் இருந்தவர் நம் கொள்ளுப்பாட்டியின் பாட்டி மாதிரி ஒருத்தி. அவளிடம் யாரும் கேட்டுப் படம் வரையவில்லை. ஆனால் உடுவில் பள்ளியில் அவளுடைய மகள் எழுத்து படித்தாள். இரண்டும் உண்மை. நன்றி சொல்ல வாய் திறந்தால் படம் உறுத்துகிறது, கோபப்பட்டால் பள்ளிக்கூடம் எதிரே நிற்கிறது.

எண்பது ஆண்டு கழித்து இதே வளாகத்துக்குச் சென்னை இன்னும் நெருங்கி வந்தது. 1915இல் எலினார் மெக்டூகல் முதல்வராக இருந்து தொடங்கிய சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரிக்கு மவுண்ட் ஹோலியோக் சகோதரிக் கல்லூரி ஆயிற்று. மாணவிகள் இங்கே திரட்டிய பணம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கு வந்தது. 1920களின் தொடக்கத்தில் லூசி பீபாடி என்பவர் முன்னின்று நடத்திய பெரிய வசூல் வேறு: சென்னை, லக்னோ, வேலூர், நான்ஜிங், பீக்கிங், டோக்கியோ என ஆசியாவின் ஏழு பெண் கல்வி நிறுவனங்களுக்காக. நீங்கள் இரண்டு டாலர் திரட்டினால் நாங்கள் ஒன்று தருகிறோம், பத்து லட்சம் வரைக்கும், என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒன்று வாக்குக் கொடுத்தது. கெடு 1923 ஜனவரி 1. மாதர் சங்கங்களும் கல்லூரிப் பெண்களும் ஒவ்வொரு டாலராகச் சேர்த்து இருபது லட்சத்தை எட்டிவிட்டார்கள். அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்று மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தச் சென்னைக் கல்லூரி இருக்கும் டோவ்டன் இல்லத்தின் தூண்களை வெளியிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போக்குவரத்து நெரிசலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வந்ததில்லை.

மாணவர் நிதி திரட்டலின் நம் காலத்துப் பெரிய கதை ஒரு நாடகம். 'த வஜைனா மோனோலாக்ஸ்', ஈவ் என்ஸ்லர் எழுதி 1996இல் நியூயார்க்கில் மேடையேறியது. இப்போது அவர் தன் பெயரை வி என்று ஒற்றை எழுத்தாக மாற்றிக்கொண்டுவிட்டார். 1998 காதலர் தினத்தன்று இதை வைத்தே வி-டே இயக்கம் பிறந்தது. மறு ஆண்டு கல்லூரிகளுக்குள் வந்தது. ஏற்பாடு எளிமையானது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எந்தக் கல்லூரி மாணவிகளும் உரிமைத் தொகை கட்டாமல் நாடகத்தைப் போடலாம். வசனத்தை வெட்டக் கூடாது. வசூலில் பெரும்பங்கு உள்ளூரில் வன்முறைக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புக்கு, பத்து சதவீதம் அந்த ஆண்டு இயக்கம் கைகாட்டும் ஊருக்கு. நடிப்புப் பயிற்சி இல்லாத பெண்கள் கையில் அட்டையை வைத்துப் படித்தாலே போதும் என்பதால் பற்றிக்கொண்டது. சாக்லேட், சட்டை, பரிசுச் சீட்டு எல்லாம் வாசலில் விற்றார்கள். உலகம் முழுக்கச் சேர்ந்தது பத்துக் கோடி டாலருக்கும் மேல். நம் ஊருக்கும் இதில் ஒரு வரி உண்டு: 2004இல் சென்னையில் நடக்கவிருந்த காட்சிக்குக் காவல்துறை அனுமதி தரவில்லை. மும்பையில் அதே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நாடக நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஸ்மித்தில் 1956இல் பட்டம் பெற்ற குளோரியா ஸ்டைனம். படித்து முடித்த கையோடு இந்தியா வந்தவர், முதுகுளத்தூர் கலவரத்துக்குப் பிறகு ராமநாதபுரம் சீமைக் கிராமங்களில் நடந்துபோன காந்தியக் குழு ஒன்றோடு தானும் நடந்தார். ராத்திரி கிராமத்தார் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் அந்த வட்டம்தான் தன் அரசியலுக்குப் பள்ளிக்கூடம் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். ஸ்மித் வளாகத்தில் இதைச் சொன்னால் நம்புகிறார்கள். ராமநாதபுரத்தில் சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை.

2015 ஜனவரியில் மவுண்ட் ஹோலியோக் மாணவர் நாடகக் குழு இந்த நாடகத்தை இனி போடப் போவதில்லை என்று அறிவித்தது. முந்தைய ஆண்டுதான் கல்லூரி திருநங்கைகளைச் சேர்த்துக்கொள்வதாக முடிவெடுத்திருந்தது. பெண் என்றால் ஓர் உடலுறுப்பு என்பதாகச் சுருக்குகிற நாடகத்தை இவர்களை உட்கார வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது என்றார்கள். நான் பெண்ணுக்கு இலக்கணம் எழுதவில்லை, அந்த உறுப்புள்ள பெண்கள் என்ன சொன்னார்கள் என்றுதான் எழுதினேன் என்று நாடகாசிரியர் பதில் சொன்னார். திருநங்கைகளுக்காக 2004இலேயே தனிப் பகுதி ஒன்றை எழுதியிருந்தார். மாணவிகள் அசையவில்லை, தாங்களே எழுதியதை மேடையேற்றப் போனார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் இதைக் கிண்டலடித்துத் தீர்த்தன. எனக்குக் கிண்டல் வரவில்லை. வருடா வருடம் உறுதியாகக் கூட்டமும் காசும் தருகிற ஒன்றைத் தாங்களாகவே நிறுத்துவது நிதி திரட்டுகிறவர்களிடம் அபூர்வம். என் கருத்தில் நாடகம் அந்த அளவு பாவம் செய்யவில்லை. ஆனால் உண்டியலின் படத்தை மாற்றும் உரிமை காசு போடுகிறவர்களுக்கு உண்டு என்பதில் லூசி ஸ்டோன் கட்சிதான் நான்.

அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் அது காங்கோவுக்குப் போனது. போரில் வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்காகப் புகாவு நகரத்தில் 2011 பிப்ரவரியில் 'சிட்டி ஆஃப் ஜாய்' திறந்தது. ஒரு நேரத்தில் தொண்ணூறு பெண்கள், ஆறு மாதம் தங்கிப் படிக்கிறார்கள், தலைமை ஏற்கப் பழகுகிறார்கள். நடத்துவது அந்த ஊர்ப் பெண்ணான கிறிஸ்டீன் ஷூலர் டெஷ்ரைவர். பான்சி மருத்துவமனையின் டாக்டர் டெனிஸ் முக்வேகே கூட நின்று உருவாக்கினார். உண்டியலில் இருந்த ஆளே உண்டியலின் சாவியை வாங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்குக் கிட்டத்தட்ட ஓர் உதாரணம். கிட்டத்தட்ட என்கிறேன், ஏனென்றால் காசு இன்னும் மேற்கிலிருந்துதான் போகிறது.

வியாழக்கிழமை தோழி என்னை நார்த்ஃபீல்டுக்கு அழைத்துப் போனாள், ஆற்றோடு வடக்கே. மதப் பிரசங்கி டி.எல். மூடி பெண்களுக்காக நிறுவிய பள்ளி இங்கே இருந்தது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் இங்கேதான் படித்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் ஆண் மருத்துவரை அண்டவிடாமல் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதையை வேலூர்ப் பக்கம் குழந்தைகளுக்கும் தெரியும். அந்த இரவுக்குப் பிறகு ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, ஊர் ஊராய்க் கையேந்தி, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த ஏழு நிறுவனங்களில் இதுவும் ஒன்று. நார்த்ஃபீல்டு வளாகத்தில் இப்போது பழைய பள்ளி இல்லை. 2005இல் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வளாகத்தோடு சேர்த்துவிட்டார்கள். இடம் கைமாறிக் கைமாறி, 2019இலிருந்து ஒரு கத்தோலிக்கக் கல்லூரி நடக்கிறது. வேலூர் என்று சொன்னால் தெரிந்துகொள்ள ஆளில்லை. வெகுநேரம் நிற்கவில்லை, குளிர்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஸ்மித் விடுதி இல்லங்களில் தேநீர் வேளை. பழைய சம்பிரதாயம். திருச்சிப் பெண் என்னைக் கூப்பிட்டிருந்தாள். பிஸ்கட், சீஸ், ஆறிக்கொண்டிருந்த தேநீர். நடுவில் ஆறேழு பேர் வரப்போகும் வசந்த காலத்து நிகழ்ச்சிக்குத் திட்டம் போட்டார்கள். நாடகமா, தாங்களே எழுதியதை வாசிப்பதா, சட்டைகளில் எழுதிக் கயிற்றில் தொங்கவிடுவதா? இந்தச் சட்டைக் கயிறு 1990இல் இதே மாநிலத்தின் கடற்கரை ஊரான ஹயானிஸில் தொடங்கியது. வன்முறையைத் தாண்டி வந்தவர்கள் ஆளுக்கொரு சட்டையில் தங்கள் கதையை எழுதுவார்கள். லூசியின் சட்டை நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை, அவர்கள் பட்ஜெட்டில் மும்முரமாக இருந்தார்கள்.

பிறகு விவாதம் அந்தப் பத்து சதவீதத்துக்கு வந்தது. முழுப் பணமும் ஊருக்குள்ளேயே என்றாள் ஒருத்தி. வெளிநாட்டுப் பெண்களை மறந்துவிடுவதா என்றாள் இன்னொருத்தி. தூரத்துப் பெண்ணின் துயரத்தைக் காட்டித்தானே டிக்கெட் விற்போம், அது அசிங்கம் என்றாள் மூன்றாமவள். திருச்சிப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நம்ம ஊர்ல யாருக்காவது அனுப்பலாமா? படமெல்லாம் போட மாட்டோம். அவங்ககிட்டயே கேட்டு, அவங்க சொல்றபடி செய்வோம்."

சென்னையில் தீக்காயத்தோடு பிழைத்து வந்த பெண்களோடு வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும் என்றேன். மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தார்கள். எவ்வளவு நாளில் பணம் போய்ச் சேரும் என்று பொருளாளர் பெண் கேட்டாள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை விளக்க வேண்டியதாயிற்று. வாங்குகிற அமைப்புக்கு உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் எந்த மூலையில் செலவாவதாக இருந்தாலும் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் வந்து விழ வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது. 1923க்குள் இருபது லட்சம் டாலர் திரட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பொருளாளர் பெண் எல்லாவற்றையும் மடிக்கணினியில் குறித்துக்கொண்டாள். "நாங்க சேர்க்கப் போறது எண்ணூறு டாலர். எண்பது டாலருக்கு இவ்வளவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இவ்வளவு" என்றேன்.

"அவங்களோட ஈமெயில் கொடுங்க. பதிவு இருக்கான்னு முதல்ல கேட்டுடறேன்" என்றாள். கொடுத்தேன். அடுத்து அரங்கத்துக்கு எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்பதற்குப் போய்விட்டார்கள்.